முத்துப் பல்வரிசை எங்கே போயிற்று?

பல்லுக்கு முத்தையும் முல்லை அரும்பையும் உவமை சொல்லாத புலவர் நம் மொழியில் இல்லை எனலாம். பெண்ணின் அழகைப் பாட வந்தவர்கள் கண்ணுக்கு அடுத்தபடியாகப் பல்லிடத்தில்தான் தங்கள் கற்பனையைச் செலவிட்டிருக்கிறார்கள். ஒன்றோடொன்று ஒத்த அளவில், கோத்து வைத்தாற்போல் நிற்பதே அவர்கள் கண்ட பல்வரிசை. இன்று நம் கல்லூரி வாயிலில் நின்று, வகுப்பு முடிந்து வருகிற மாணவ மாணவியர் சிரிப்பதைச் சற்றே கவனித்துப் பாருங்கள். ஒரு பல் முன்னே வந்து நிற்கும். அடுத்த பல் அதன் முதுகுக்குப் பின்னே ஒதுங்கியிருக்கும். கோரைப்பல் இடம் கிடைக்காமல் ஈற்றின் மேலேயே ஏறி அமர்ந்திருக்கும். காலை எட்டரை மணிப் பேருந்தில் நாம் எப்படி நின்று வருகிறோமோ அப்படியே நம் பற்களும் நம் வாயில் நிற்கின்றன!

புலவர்கள் மிகைப்படுத்தினார்களா, அல்லது பற்கள்தாம் மாறிவிட்டனவா? பழைய எலும்புகளை அளந்து பார்த்த மானிடவியலார், பற்களின் வரிசை மாறித்தான் விட்டது என்கிறார்கள். வேட்டையாடியும் காய்கனி திரட்டியும் வாழ்ந்தோரின் மண்டையோடுகளில் நெருக்கடியான பற்கள் அருமையாகவே காணப்படுகின்றன. நம் காலத்து நகரங்களிலோ சீரான வரிசைதான் அருமையாகிவிட்டது. இம்மாற்றத்திற்குப் பரம்பரையைவிட, தலைமுறைதோறும் நாம் மெல்வதைக் குறைத்துக்கொண்டே வந்ததுதான் பெருங்காரணம் என்பதும், ஆகவே ஒரு பெண்ணின் எத்துப்பல்லைக் கண்டு அவள் குலத்தை ஆராய்வது அறியாமை என்பதும் என் கருத்து. விலங்கியல் படிக்கும் மாணவி என்ற முறையில் அதற்கான காரணங்களைச் சொல்ல விழைகிறேன்.

குலத்தை ஏன் இழுக்கிறேன் என்று சிலர் கேட்கலாம். என் தமக்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள் நல்ல மனிதர்கள்தாம். பலகாரத்தைப் பாராட்டினார்கள், படிப்பைப் பாராட்டினார்கள். புறப்படும்போது அவர்களுள் மூத்த அம்மையார் ஒருவர், “இந்த முன்பல் உங்கள் பக்கமா, அப்பா பக்கமா?” என்று என் தாயாரிடம் கேட்டார். அவர்கள் சென்ற பின் எங்கள் வீட்டில் பெரிய வழக்கே நடந்தது. அம்மாவைப் பெற்ற பாட்டி, “எங்கள் வம்சத்தில் ஒருவருக்கும் இப்படிப் பல் கிடையாது” என்றார். அப்பாவைப் பெற்ற பாட்டியும் அதையே அடித்துச் சொன்னார். இருவரும் பொய் சொல்கிறார்கள் என்று என் தமக்கை அழுதாள். எனக்கு மட்டும், இருவருமே உண்மை சொல்கிறார்களோ என்று ஓர் ஐயம் எழுந்தது. இரு பக்கத்திலும் இல்லாத ஒன்று பேத்தியின் வாயில் இருக்கிறதென்றால், விசாரிக்க வேண்டியது வம்சத்தை மட்டும்தானா?

பரம்பரைக் கட்சிக்கு ஒரு பழைய விளக்கம் உண்டு. தந்தையிடமிருந்து பெரிய பல்லும் தாயிடமிருந்து சிறிய தாடையும் வந்து சேர்ந்தால் நெருக்கடி ஏற்படும் என்பார்கள். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று நானும் வாதாட வரவில்லை. ஐரோப்பாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் ஓவியங்களைப் பார்த்தவர்கள், தலைமுறை தலைமுறையாக முன்னே நீண்டு வரும் அந்தக் கீழ்த்தாடையை மறக்க மாட்டார்கள். நெருங்கிய உறவிலேயே திரும்பத் திரும்ப மணந்ததற்கும் அந்தத் தாடைக்கும் தொடர்பு உண்டென்று 2019-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் நாம் அதைக் கவனிப்பது நல்லது. ஆனால் அது தாடையே முன்தள்ளி நிற்கும் தனிக்கதை. நம் வகுப்பறைகளில் நாம் காண்பது பெரும்பாலும் இடநெருக்கடி. இதற்குப் பரம்பரையை மட்டும் காரணம் காட்டினால், இரண்டு மூன்று தலைமுறைக்குள் ஓர் ஊரே மாறிப்போவதை எப்படி விளக்குவது?

அப்படி மாறிய ஊர்கள் உண்டு. ராபர்ட் கொருசினி என்ற அமெரிக்க மானிடவியலார் இதற்காகவே பல நாடுகளில் பற்களை அளந்தவர். கென்டக்கி மாநிலத்தின் ஒரு கிராமப்புறத்தைப் பற்றி அவர் 1981-இல் எழுதினார். அவ்வூரின் முதியவர்கள் கடினமான நாட்டுப்புற உணவை மென்று வளர்ந்தவர்கள். பல் மருத்துவரை அதிகம் கண்டவர்கள் அல்லர். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கடையில் வாங்கிய மென்மையான உணவில் வளர்ந்தவர்கள். ஊர் ஒன்று, குருதி ஒன்று. ஆனால் பல்வரிசை தாத்தாவுக்குச் சீராகவும் பேரனுக்குக் கோணலாகவும் இருந்தது!

அடுத்து அவர் நம் நாட்டுக்கே வந்தார். 1983-இல் இந்திய ஆய்வாளர்களுடன் சேர்ந்து சண்டிகர் நகரத்துப் பஞ்சாபி இளைஞர்களையும், சுற்றுப்புறக் கிராமத்து இளைஞர்களையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், கிராமத்தாரைவிட நகரத்தாருக்கே பல்வரிசைக் கோளாறு மிகுதி என்று கண்டார். ஓர் இனத்தாருக்குள்ளேயே, சில கல் தொலைவுக்குள்ளேயே இந்த வேறுபாடு. பின்னர் 1984-இல் பல நாட்டு மக்களின் செய்திகளைத் தொகுத்து, பல்வரிசைக் கோளாறு நாகரிகத்தோடு வந்து சேர்ந்த நோய்களுள் ஒன்று என்ற கருத்தை முன்வைத்தார்.

எல்லாவற்றிலும் என் மனத்தை அதிகம் கவர்ந்தது ஆஸ்திரேலியச் செய்தி. அந்நாட்டின் நடுவே, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில் யுவெண்டுமு என்ற குடியிருப்பு 1946-இல் அமைக்கப்பட்டது. பாலையில் அலைந்து வேட்டையாடி வாழ்ந்த வார்ல்பிரி பழங்குடியினர் அங்கே குடியேறினர். அடிலெய்டு பல்கலைக்கழகத்தார் 1951 முதல் சுமார் 20 ஆண்டுக் காலம் அங்கே சென்று, அவர்களுடைய பற்களைச் சுண்ண அச்சில் வார்த்து எடுத்து வந்தார்கள். வேட்டை உணவில் வளர்ந்தவர்களின் அச்சும், குடியிருப்பில் கிடைத்த மாவும் சர்க்கரையும் தகரப்பெட்டி உணவும் தின்று வளர்ந்த இளையோரின் அச்சும் ஒரே அலமாரியில் சேர்ந்தன. 1990-இல் கொருசினியும் அடிலெய்டு அறிஞர்களும் அவற்றை ஒப்பிட்டபோது, இளைய தலைமுறையின் வரிசை முந்தையதைவிடக் குலைந்திருப்பது தெரிந்தது. பரிணாமத்திற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும் என்று நம் ஆசிரியர்கள் கற்பித்திருக்கிறார்கள். இங்கே வேண்டியிருந்தது ஒரு தலைமுறை. ஆகவே மாறியது மரபணு அன்று, வளர்ப்பு.

இது எப்படி நிகழ்கிறது? இதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. பல்லும் தாடையும் இரு வேறு சட்டங்களுக்குக் கட்டுப்பட்டவை. நிலைப்பற்களின் மேற்பகுதி ஈற்றுக்குள் இருக்கும்போதே முழு அளவில் உருவாகி விடுகிறது. ஞானப்பல் நீங்கலாக மற்றவற்றுக்கு இந்த வேலை எட்டு வயதளவில் முடிந்துவிடும். அதன்பின் பல் ஒரு நூலளவும் பருக்காது. அந்த அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பரம்பரைதான். தாடையோ எலும்பு. எலும்பு தன்மேல் விழும் சுமைக்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்ளும் என்பதை ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் வுல்ஃப் 1892-லேயே விளக்கியிருக்கிறார். உழவனின் கையெலும்பு உரம் பெறுவதும் படுக்கையில் கிடந்தவனின் காலெலும்பு மெலிவதும் இதனால்தான். பல் தன் முழு அளவில் தயாராகிவிடுகிறது. மெல்லும் வேலை போதாத தாடை தன் முழு அளவை எட்டுவதில்லை. பன்னிரண்டு பேருக்குப் பாய் விரித்த அறையில் பதினாறு பேர் படுக்க வந்தால் என்ன ஆகும் என்று விடுதி மாணவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

விலங்குகளிடமும் இதைச் சோதித்திருக்கிறார்கள். 1982-இல் கொருசினியும் அவருடைய துணை ஆய்வாளரும் அணில் குரங்குகளுக்கு மென்மையான உணவு கொடுத்து வளர்த்து, பல்வரிசை கெடுவதைக் கண்டார்கள். 2004-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து டேனியல் லீபர்மன் குழுவினர் ஹைராக்ஸ் என்ற ஆப்பிரிக்கப் பிராணியை எடுத்துக்கொண்டனர். பார்வைக்கு முயல் போன்றது, உறவில் யானைக்கு நெருங்கியது. மனிதனைப் போலவே அதன் முகமும் குறுகியது. சிலவற்றுக்கு வேகவைத்த உணவும், மற்றவற்றுக்குப் பச்சையாகவும் உலர்த்தியும் உணவும் தந்தார்கள். வேகவைத்ததைத் தின்றவற்றின் முகத்தில், மெல்லும் விசை மிகுதியாக விழும் பகுதிகள் ஏறத்தாழ 10 விழுக்காடு குறைவாகவே வளர்ந்திருந்தன. நம் தாடைக்குள் ஒரு பல்லோ இரண்டு பல்லோ இடமின்றித் தவிப்பதற்கு இவ்வளவு குறைவு போதும்.

இத்தனைக்கும் இது புதிய சிந்தனையன்று. டார்வின் 1871-இல் எழுதிய மனிதனின் தோற்றம் பற்றிய நூலில், நாகரிக மக்களின் தாடை பின்பக்கம் குறுகியிருப்பதற்கு அவர்கள் சமைத்த மென்மையான உணவை உண்பதே காரணமாகலாம் என்று போகிற போக்கில் சொல்லிச் சென்றிருக்கிறார்.

உழவுத் தொழில் தொடங்கிய நாளிலேயே இந்தக் கதையும் தொடங்கிவிட்டது. மேற்காசியா, அனத்தோலியா, ஐரோப்பா ஆகிய பகுதிகளில் 28,000 ஆண்டு முதல் 6,000 ஆண்டு வரை பழைமையுள்ள 292 எலும்புக்கூடுகளை ஆராய்ந்து 2015-இல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. வேடர்களின் காலத்தில் தாடையும் பல்லும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துத் தைத்தவை போல் பொருந்தி நின்றன. உழவர்கள் வந்ததும் அந்தப் பொருத்தம் தளர்ந்தது என்பது அதன் முடிவு. அதாவது நம்மை மனிதராக்கியதாக நாம் பெருமை பேசும் உலையும் உரலும் தாடையிடம் வரி வசூலித்திருக்கின்றன.

தமிழ்த்துறை நண்பர்களுக்காக இங்கே சற்று வழி விலகுகிறேன். வேட்டை உணவு உண்டோருக்குப் பற்கள் தேய்ந்து, வளர்ந்த பின் மேல்வரிசையும் கீழ்வரிசையும் விளிம்போடு விளிம்பு முட்டி நிற்கும். மெல்லிய உணவு உண்போருக்கு, இளமையில் உள்ளபடியே மேல்வரிசை கீழ்வரிசையைச் சற்று மூடி நிற்பது முதுமை வரை நீடிக்கும். இப்படி இருந்தால் மேற்பல்லால் கீழுதட்டைத் தொடுவது எளிது. எனவே ‘ஃப’, ‘வ’ போன்ற பல்லிதழ் ஒலிகள் உழவு உணவோடு பெருகியிருக்க வேண்டும் என்று சார்லஸ் ஹாக்கெட் என்ற மொழியியலார் 1985-இல் கருதினார். பலர் நகைத்தனர். 2019-இல் வேறொரு குழு உலக மொழிகளைத் தொகுத்துப் பார்த்து அவர் பக்கம் சாய்ந்தது. வேட்டைச் சமூகங்களின் மொழிகளில் இவ்வொலிகள், உணவு விளைவிப்போர் மொழிகளில் உள்ளதில் நான்கில் ஒரு பங்களவே இருந்தனவாம்.

நம் தொல்காப்பியம் பிறப்பியலில் பகரமும் மகரமும் இரண்டு இதழும் இயைந்து பிறக்கும் என்றும், வகரமோ பல்லும் இதழும் இயைந்து பிறக்கும் என்றும் பிரித்துச் சொல்கிறது. நெல்லும் வரகும் உண்ட குடியின் வாயில், மேற்பல் உதட்டை எளிதில் எட்டும் நிலையில் இருந்தது என்பதற்கு இதை ஒரு சான்றாகக் கொள்ள இடமுண்டு என்று நான் நினைக்கிறேன். ‘ஃபேன்’ என்பதைப் ‘பேன்’ என்று நம்மில் பலர் சொல்வதற்கு மட்டும் பல்லைக் குறை கூற முடியாது. அது பழக்கத்தின் பிழை.

சரி, நம் வீட்டு அடுப்பங்கரைக்கு வருவோம். இப்படிப் பேசத் தொடங்கியதும், “அந்தக் காலத்தில் கம்பும் கேழ்வரகும் தின்றார்கள், பல் உறுதியாக இருந்தது” என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுவதுண்டு. அதை நான் அப்படியே ஏற்கவில்லை. கேழ்வரகுக் களியை யாராவது மென்று தின்பார்களா? உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்குவதுதானே முறை! கூழையும் கஞ்சியையும் குடித்தார்கள், கடிக்கவில்லை. இட்டலியும் புதிதாக வந்ததன்று. நம் பாட்டிமாரின் தாடைக்கு வேலை கொடுத்தவை சாப்பாட்டு வேளைகளைவிட, இடையில் தின்ற தீனிகள்தாம் என்பது என் எண்ணம். பனங்கிழங்கை நாருரித்து மெல்வதற்கு அரைமணி நேரம் வேண்டும். கரும்பைப் பல்லாலேயே பட்டை உரித்தார்கள். வறுத்த புளியங்கொட்டையை வாயில் ஒதுக்கிக்கொண்டு மாடு மேய்க்கப் போனார்கள். பொருள்விளங்கா உருண்டை என்று ஒன்று உண்டே, அதைக் கடித்து உடைத்தவன் உண்மையிலேயே வீரன்! இன்று கரும்பு சாறாகக் கோப்பையில் வருகிறது. பள்ளிக்கூட வாயிலில் விற்பதெல்லாம் வாயில் வைத்ததும் கரைகிற காற்றடைத்த தீனி. எங்கள் விடுதியின் சப்பாத்தி ஒன்றுதான் பழைய மரபைக் காத்து வருகிறது. ஆனால் நாங்கள் வந்து சேர்ந்த வயதில் அதனால் இனிப் பயனில்லை.

பயனில்லை என்பதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. தாடை வளர்வது சிறுவயதிலும் வளரிளம் பருவத்திலும்தான். இருபது வயது இளைஞர்கள் கைபேசியில் எதையோ பார்த்துவிட்டு, நாவை அண்ணத்தில் அழுத்துவதும், கடினமான ரப்பரை மெல்வதும் பல்வரிசையைத் திருத்தும் என்று நம்புவதைக் காண்கிறேன். வளர்ந்து முடிந்த எலும்பு இதற்கெல்லாம் அசையாது.

நம் வயதில் நடப்பது வேறொன்று. பதினேழுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில் ஞானப்பல் முளைக்கும். அதாவது நாம் இக்கல்லூரியில் இருக்கும் ஆண்டுகளில். கடைசியாக வருவதால் அதற்கு இடம் மிஞ்சுவதில்லை. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஒரு ஞானப்பல்லாவது எலும்புக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. ஐந்தில் ஒருவருக்கு மேல் ஒன்றாவது உருவாவதே இல்லை. தேர்வுக்கு முந்திய வாரம் கன்னம் வீங்கி வருகிற நண்பரைக் கண்டால் “ஞானம் வருகிறது” என்று கேலி செய்யாமல் பல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

பழங்காலத்தைப் புகழ்கிறேன் என்றும் கொள்ள வேண்டா. ஆஸ்திரேலியப் பல் மருத்துவர் பெக் 1954-இல் பழங்குடியினரின் பற்களைப் பற்றி எழுதியபோது, மணல் கலந்த உணவால் பற்கள் பக்கவாட்டிலும் தேய்ந்து, வரிசையின் நீளமே ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறைந்துவிடும், அதனால்தான் அவர்களுக்கு நெருக்கடி இல்லை என்றார். நான்கு பற்களைப் பிடுங்கிவிட்டுக் கம்பி கட்டும் முறைக்கு அவர் சொன்ன நியாயம் அது. பற்கள் தேயத் தொடங்கும் முன்பே சிறுவர்களின் வரிசையில் வேறுபாடு தெரிவதால் தேய்மானம் மட்டும் காரணமாகாது என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆயினும் தேய்ந்த பல்லின் உயிர்க்கூழ் வெளிப்பட்டுச் சீழ் பிடித்து அவர்கள் பட்ட துன்பமும் மண்டையோடுகளில் பதிந்தே இருக்கிறது. சமைத்த சோற்றை விட்டுவிட எனக்குச் சம்மதமில்லை.

நான் வேண்டுவது மிகச் சில. தாய்மார்கள் மீது இன்னொரு பழியைச் சுமத்தாமல், பல் முளைத்த குழந்தைக்கு, மருத்துவர் சொல்லும் வயதறிந்து, கடித்து மெல்ல ஏதேனும் கொடுக்கலாம். விழப்போகிற பல்தானே என்று பாற்பல் சொத்தையை விட்டுவிடுகிறோம். அது காலத்துக்கு முன் விழுந்தால் பின்பல் முன்னே சரிந்து நிலைப்பல்லின் இடத்தை அடைத்துக்கொள்ளும். விரல் சூப்புவதும் வாயால் மூச்சு விடுவதும் வரிசையைக் கெடுக்கும். ஏழு வயதளவில் ஒருமுறை காட்டினால் பலவற்றை எளிதில் திருத்தலாம். பள்ளியில் கண்ணைச் சோதிக்கிறார்கள். பல்வரிசையையும் அதே நாளில் பார்ப்பதற்கு ஒரு சிறு கண்ணாடியும் கைவிளக்கும் போதும். கம்பி கட்டுவதைப் பணக்காரர் ஆடம்பரம் என்று பேசுவதையும் நிறுத்தலாம். குனிந்து வாயைப் பொத்தியே சிரிக்கப் பழகிய பெண்களை எனக்குத் தெரியும். வகுப்பில் எழுந்து விடை சொல்ல அவர்கள் தயங்குவதற்குக் காரணம் விடை தெரியாமை அன்று.

பெண் பார்க்க வருகிறவர்களுக்கு எங்கள் அம்மா அன்று சொல்லாத விடையை இங்கே நான் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பல் அம்மா பக்கமும் அன்று, அப்பா பக்கமும் அன்று, இந்தத் தலைமுறையின் பல். அவர்கள் அழைத்து வந்த மாப்பிள்ளைக்கும் கீழ்வரிசை கோணல்தான். அவர் சிரித்தபோது நான் பார்த்தேன்!

நம் கல்லூரியில் படிப்போரில் மிகப் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவர்கள். அவர்களுடைய பாட்டனார் காட்டில், தந்தையார் ஊரில், இவர்கள் நகரத்து விடுதியில். மூன்று தலைமுறை, மூன்று விதச் சாப்பாடு! சண்டிகரில் செய்த ஆய்வை இங்கே செய்ய இதைவிட வாய்ப்பான இடம் எது? பல் மருத்துவர் ஒருவர் அச்செடுக்க உதவினால், சுண்ணம் எங்கள் துறை அலமாரியில் இருக்கிறது. வெர்னியர் அளவுகோல் இயற்பியல் துறையில் இருக்கிறது. கணக்குப் போட்டுத் தரப் புள்ளியியல் நண்பர்கள் இருக்கிறார்கள். துறைத் தலைவர் இசைவு தந்தால் அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கலாம். பாட்டிகளில் பலருக்கு அளப்பதற்குப் பல்லே இருக்காது என்பதுதான் எனக்குத் தெரிகிற இடையூறு. ஆகையால் ஐம்பது வயதுக்குட்பட்ட தாய்மாரிடமிருந்தும் நம்மிடமிருந்தும் தொடங்குவோம். பாட்டிகளில் பல்லுள்ளவர்கள் பொங்கல் விடுமுறையில் அகப்பட்டால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.